சரிபாதி சரி, எந்தப் பெண்களுக்கு?

அய்.நா. பொதுச் செயலாளர் நாற்காலியில் 1946 முதல் இதுவரை 9 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 9 பேரும் ஆண்கள். 2016 தேர்வில் களத்தில் இருந்த 13 பேரில் 7 பேர் பெண்கள். கடைசியில் வந்தவர் அந்தோனியோ குட்டெரெஸ். அவருக்கு அடுத்தவர் 2027 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்க வேண்டும். இந்த முறையாவது ஒரு பெண் வர வேண்டும் என்று உலகெங்கும் பெண்ணியவாதிகள் குரல் எழுப்புகிறார்கள். வரட்டும். 80 ஆண்டு வெட்கக்கேடு அது.

ஆனால் அந்த முழக்கத்துக்குக் கைதட்டிவிட்டு நாம் கலைந்துவிட முடியாது தோழர்களே. அய்.நா. இன்று தன் ஊழியர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறது. எந்த நாட்டார் எத்தனை பேர் என்று எப்போதோ எண்ணத் தொடங்கிவிட்டது. சாதியை மட்டும் எண்ணுவதில்லை. எண்ணாத அந்த இடத்தில் விழுந்து காணாமல் போகிறவள் தலித் பெண்.

கதையை முதலிலிருந்தே பார்க்கலாம். 1945-ல் சான் பிரான்சிஸ்கோவில் அய்.நா. சாசனத்தை எழுத சுமார் 850 பிரதிநிதிகள் கூடினார்கள். சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் 4 பேர். அய்.நா.வின் எந்த அமைப்பிலும் ஆணும் பெண்ணும் சம நிலையில் பங்கேற்கத் தடை இருக்கக் கூடாது என்று சாசனத்தின் 8-ஆவது பிரிவு சொல்கிறது. இதை வாங்கிக் கொடுத்தது யார்? பிரேசிலின் பெர்தா லுட்ஸ், டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, ஆஸ்திரேலியாவின் ஜெஸ்ஸி ஸ்ட்ரீட் போன்றவர்கள். அதற்கு முட்டுக்கட்டை போட்டவர்களில் ஆண்கள் மட்டும் இல்லை. பெண்களுக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம் என்று அமெரிக்க, பிரிட்டிஷ் தூதுக்குழுக்களின் பெண்களே எதிர்த்தார்கள். அமெரிக்கப் பிரதிநிதி வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் அவர்களில் ஒருவர். தங்களுக்குக் கதவு ஏற்கெனவே திறந்திருந்ததால், கதவைப் பற்றிப் பேசுவதே அவர்களுக்கு அநாகரிகமாகப் பட்டது. 'பெண்கள்' என்பது அய்.நா. பிறந்த அறையிலேயே ஒரே அணியாக இருக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு 50 ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பெய்ஜிங் பெண்கள் மாநாடு நடந்த 1995-ல், 2000-க்குள் சரிபாதி என்று பொதுச் சபை இலக்கு வைத்தது. அது காற்றில் போனது. 2017-ல் குட்டெரெஸ் புதிய திட்டம் அறிவித்தார். 2020 தொடக்கத்தில் முழுநேர உயர் பதவிகள் 180-ல் 90 பெண்கள், 90 ஆண்கள் என்று உச்சிப்படியில் சமன் வந்தது. 2028-க்குள் எல்லாப் படியிலும் சமன் என்பது இலக்கு. உச்சியில் சமன், கீழ்ப்படிகளில் பெண்கள் பாதிக்கும் மேல், நடுவில் முடிவெடுக்கும் மேலாளர் படிகளில் ஏற ஏற பெண்கள் குறைவு. இதுதான் இன்றைய படம். போர்ப் பகுதிகளில் உள்ள அலுவலகங்கள் இன்னும் மோசம். பொதுச் சபையின் 80 அமர்வுகளுக்குத் தலைமை தாங்கிய பெண்கள் 5 பேர். உலக வங்கிக்கு முழுப் பொறுப்பில் வந்த தலைவர்கள் 14 பேரும் ஆண்கள்.

எனவே சரிபாதி கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்டால் உடனே 'தகுதி' என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போகிறேன். மண்டல் எதிர்ப்புக் கும்பலின் பேரப்பிள்ளைகள் அய்.நா. வேலையைத் தூய தகுதியின் கோயிலாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாசனத்தின் 101-ஆவது பிரிவிலேயே, திறமையோடு புவியியல் பரவலையும் கவனிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. செயலகத்தின் ஒரு பகுதி பணியிடங்களுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை முதல் இத்தனை வரை என்று ஒரு வரம்பு கணக்கிடுகிறார்கள். அதில் உறுப்பு நாடு என்பதற்காக 40 விழுக்காடு, கட்டும் சந்தாவுக்காக 55 விழுக்காடு, மக்கள்தொகைக்காக 5 விழுக்காடு எடை. இதற்குப் பெயர் இடஒதுக்கீடு. அதுவும் பணக்காரனுக்குக் கூடுதல் இடம் தரும் இடஒதுக்கீடு! பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைவர் எப்போதும் அய்ரோப்பியர். உலக வங்கித் தலைவர் எப்போதும் அமெரிக்கக் குடிமகன். யுனிசெஃப் தொடங்கியதிலிருந்து அதன் தலைவர்கள் எல்லோரும் அமெரிக்கர்கள். 1995-லிருந்து அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பாலினக் கட்டத்தில் முன்னேற்றம், பாஸ்போர்ட் கட்டத்தில் ஒரு அங்குலம் அசையவில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். எந்தப் பெண்கள்?

இந்தியாவின் வரிசையைப் பாருங்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி வரைவில் இருந்தது. அதை 'மனிதர் அனைவரும்' என்று மாற்றப் போராடியவர் ஹன்சா மேத்தா. 1948-ல் அது நிறைவேறியது. மாபெரும் வேலை. சொந்த வாழ்க்கையில் சாதி மீறித் திருமணம் செய்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் பரோடா சமஸ்தான திவானின் மகள். 1953-ல் பொதுச் சபையின் முதல் பெண் தலைவரான விஜயலட்சுமி பண்டிட் பிரதமர் நேருவின் தங்கை. நியூயார்க்கில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக ஒரு பெண் வர 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தவர் ருசிரா கம்போஜ்.

இன்னொரு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1949. இந்திய வெளியுறவுப் பணியில் முதல் பெண்ணாக சி.பி. முத்தம்மா சேர்ந்தது அந்த ஆண்டு. திருமணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், செய்தால் வேலையையே விட வேண்டி வரலாம் என்ற விதியின் கீழ் 30 ஆண்டு வேலை பார்த்து, 1979-ல் உச்ச நீதிமன்றம் போய் நீதிபதி கிருஷ்ணய்யரிடம் அரசுக்குக் குட்டு வாங்கிக் கொடுத்தவர். அதே 1949-ல் அதே பணியில் சேர்ந்தவர் கே.ஆர். நாராயணன். நம்மவர். பின்னாளில் குடியரசுத் தலைவர். ஒரே ஆண்டு, ஒரே பணி. பெண்ணாக வந்தவர் தலித் இல்லை. தலித்தாக வந்தவர் பெண் இல்லை. இந்த இருவரையும் இரண்டு தனித்தனிக் கட்டங்களில் எழுதி நாடு பெருமைப்பட்டுக்கொண்டது. இரண்டு கட்டங்களும் வெட்டும் இடத்தில் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க ஒரு ஆளும் இல்லை.

சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த இடத்தில் ஒரு அமெரிக்க வழக்கு நினைவுக்கு வந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது 5 கறுப்பினப் பெண்கள் தொடர்ந்த வழக்கு, 1976-ல் தீர்ப்பு. அந்த நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னால் பொருளாதாரம் சரிந்தபோது பணிமூப்புப்படி ஆட்குறைப்பு செய்தார்கள். கடைசியில் வந்தவர் முதலில் வெளியே. 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் 1964-க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை. நிறப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் இன்னொரு வழக்கில் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் 'பெண்கள்' வெள்ளையர் என்பதை நீதிமன்றம் பார்க்க மறுத்தது. கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைப் பிரித்து மேய்ந்துதான் 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். இன்று அந்தச் சொல் அய்.நா. ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் தென்படுகிறது. ஊழியர் கணக்கு அட்டவணையில் மட்டும் அதற்கு ஒரு பத்தி கிடையாது.

அந்த வழக்கை நான் சும்மா இழுக்கவில்லை. 2025 மார்ச்சில் 'அய்.நா. 80' என்ற பெயரில் சீரமைப்பு தொடங்கியது. பணமில்லை, அமெரிக்கா கைவிரிக்கிறது, செயலகத்தில் அய்ந்தில் ஒரு பங்கு பணியிடங்களைக் குறைக்கப் பட்டியல் கொடுங்கள் என்று துறைகளுக்குச் சொன்னார்கள். ஆட்குறைப்பு என்று வந்தால் நிரந்தரத் தன்மையுள்ள நியமனம் பெற்றவர்களைக் காப்பாற்றுவதே அங்கே முதல் முன்னுரிமை. ஒப்பந்தக்காரர்கள் பிறகுதான். கடந்த பத்தாண்டில் புதிதாக உள்ளே வந்த பெண்கள், ஏழை நாட்டுப் பெண்கள், தப்பித் தவறி வந்த நம் பெண் ஒருத்தி இருந்தால் அவள், எந்த வரிசையில் நிற்பாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் வெளியேறினால் அது எந்த அட்டவணையிலும் தெரியாது. பெண்களில் ஒன்று குறையும், இந்தியாவில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

உள்ளே நுழைவது எப்படி என்பதையும் பார்ப்போம். இளையோருக்கான தேர்வுக்கு வயது வரம்பு 32. ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வேண்டும். இதுகூடப் பரவாயில்லை, நம் பிள்ளைகள் எழுதுவார்கள். ஆனால் அந்த வேலைகளுக்குப் போகிறவர்களின் சுயவிவரத்தில் முதலில் மின்னுவது இன்டர்ன்ஷிப். செயலகத்தில் அதற்குச் சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், நியூயார்க் வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தக் காசு. 2015-ல் ஜெனீவாவில் ஒரு பயிற்சியாளர் வாடகை கொடுக்க முடியாமல் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. அதன் பிறகு சில அமைப்புகள் உதவித்தொகை தரத் தொடங்கின, செயலகம் அசையவில்லை. என்னிடம் விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வந்த முதுகலை மாணவி ஒருத்தி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, கடைசியில் அந்த வரியைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடினாள். 'அக்கா, இது பெண்களுக்கான வாய்ப்புதான், நமக்கு இல்ல' என்றாள். அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார்.

சாதி பற்றி அய்.நா.வுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 1983-லேயே பகவான் தாஸ் ஜெனீவாவில் தீண்டாமை பற்றிச் சாட்சியம் சொன்னார். 1995-ல் ரூத் மனோரமா போன்ற தோழர்கள் தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கி பெய்ஜிங்குக்கே போனார்கள். 2001-ல் டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதி என்ற சொல்லே வரக் கூடாது என்று இந்திய அரசு மல்லுக்கட்டியது. அடுத்த ஆண்டே, 2002-ல், இனப் பாகுபாட்டுக்கு எதிரான குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் சாதி, பிறப்பு அடிப்படையிலான பாகுபாடே என்று எழுதியது. பெண்கள் பற்றி அது தனியாகப் பேசுகிறது. இந்தச் சமூகங்களின் பெண்கள் நிலையைத் தனியாகப் பிரித்துப் புள்ளிவிவரம் கொடுங்கள் என்று அரசுகளைக் கேட்கிறது. 2016-ல் சிறுபான்மையினர் விவகாரச் சிறப்பு அறிக்கையாளர் ரீட்டா இசாக் சாதி பற்றித் தனி அறிக்கையே வைத்தார். நேபாள தலித்துகள், ஜப்பானின் புராக்குமின், மவுரித்தேனியாவின் ஹராத்தின் என்று உலகெங்கும் 25 கோடிப் பேருக்கும் மேல் என்றார். இந்தியா சீறியது. பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னல் 2008-ல் ஆலோசனை அந்தஸ்து கேட்டு விண்ணப்பித்தது. கூட்டத்துக்குக் கூட்டம் இந்தியப் பிரதிநிதி புதுப்புதுக் கேள்வி கேட்டுத் தள்ளிப்போட்டு, 2022 டிசம்பரில்தான் அந்தஸ்து கிடைத்தது. ஒரு நாற்காலிக்குக்கூட இல்லை தோழர்களே, அறைக்குள் நின்று பேசும் அனுமதிக்கு இத்தனை ஆண்டுகள்.

அரசுகளிடம் பிரித்துக் கணக்குக் கொடு என்று கேட்கும் அதே அய்.நா. தன் வீட்டில் என்ன செய்கிறது? பணியிடப் பாகுபாடு, துன்புறுத்தல் பற்றிய 2019 விதிமுறையில் இனம், பாலினம், மதம், நாடு, மொழி, ஊனம் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன. 'சமூகப் பின்னணி' என்றும் வருகிறது. சாதி என்று வரவில்லை. 2023-ல் சியாட்டல் நகர மன்றம் துணிந்து சட்டத்தில் எழுதிய சொல், ஆப்பிள் கம்பெனி தன் ஊழியர் விதியில் எழுதிக்கொண்ட சொல், மனித உரிமையின் தலைமையகத்துக்கு வாயில் வரவில்லை.

193 நாட்டு ஊழியர்களிடம் சாதி கேட்பது சாத்தியமா என்று ஒரு நியாயமான கேள்வி உண்டு. 2020-ல் இனவெறி பற்றி ஊழியர்களிடம் கருத்துக் கேட்கப் போய், நிறம் குறிக்கும் கட்டத்தில் 'மஞ்சள்' என்று ஒரு விருப்பத்தை வைத்து, உலகம் காறித் துப்பியதும் படிவத்தைத் திரும்பப் பெற்ற நிறுவனம் அது. பயமாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தில் சாதி தெரிந்தால் பக்கத்து இருக்கை இந்தியரே எப்படி மாறுவார் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அடையாளத்தை மறைத்து வேலை பார்க்கும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கும் கணக்கு நமக்கு வேண்டாம். விருப்பப்பட்டவர் மட்டும், பெயரில்லாமல், பிறப்பு அடிப்படையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரா என்று பதிலளிக்கும் ஒரு கேள்வி போதும். ஊனம் பற்றி அப்படிக் கேட்க முடியும் என்றால் இதையும் கேட்க முடியும்.

இரண்டாவது வாதம் நமக்குப் பழகியது. முதலில் பெண்கள் உள்ளே வரட்டும், சாதியைப் பிறகு பார்ப்போம். நாடாளுமன்ற மகளிர் ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு கேட்டபோது 1996-லிருந்து சொல்லப்பட்ட அதே வசனம். பிறகு என்பது எப்போது? நேபாளம் பிறகு என்று சொல்லவில்லை. 2017 உள்ளாட்சித் தேர்தலுக்கான சட்டத்தில், ஒவ்வொரு வார்டின் 4 உறுப்பினர்களில் 2 பேர் பெண்கள், அந்த 2 பேரில் ஒருவர் தலித் பெண் என்று எழுதினார்கள். ஒரே தேர்தலில் 6,000-க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் உள்ளே வந்தார்கள். பெரும்பாலும் உறுப்பினர்களாகத்தான், தலைவர்களாக இல்லை, அந்தக் குறை இருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளிலும் பெண்களுக்குப் பாதி என்றால் பட்டியல் சாதி இடங்களுக்குள்ளும் பாதி. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள், 2020-ல் படம் வெளியாகி வழக்குப் பதிவானது. நாற்காலி கிடைத்தும் தரைதான் என்று அதைக் காட்டிச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் படம் வேறொன்றையும் சொல்கிறது. அந்த நாற்காலி அவருடையது என்று சட்டத்தில் எழுதியிருந்ததால்தான் தரையில் உட்கார வைத்தது குற்றமாகத் தெரிந்தது. நியூயார்க்கில் நம் பெண்ணுக்கு நாற்காலி என்று எங்கும் எழுதவில்லை. அதனால் அவள் இல்லாதது யார் கண்ணிலும் குற்றமாகப் படுவதில்லை.

இதன் விளைவு நம் ஊர் வரைக்கும் நீள்கிறது. நான் களப்பணி செய்த ஒரு திட்டத்துக்குப் பன்னாட்டு நிதி வந்தது, அமைப்பின் பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையில் ஊழியர்களில் பெரும்பான்மை பெண்கள் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். பொய் இல்லை. காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கிய தன்னார்வலர்கள் எல்லோரும் நம் பெண்கள், மாத மதிப்பூதியம், அதுவும் மூன்று மாதம் பாக்கி. சென்னையில் இருந்த ஒருங்கிணைப்பாளர்களும் பெண்கள்தான், மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஆண்டுக்கு ஒருமுறை பாங்காக் பயிற்சி. அவர்களில் ஒருவரும் சேரியிலிருந்து வந்தவர் இல்லை. சரிபாதிப் படிவத்தில் இரு தரப்பும் ஒரே கட்டத்தில், ஒரே எழுத்தில் பதிவானார்கள். நன்கொடையாளர் கேட்டது அந்த ஒரு எழுத்தைத்தான்.

நம் பக்கத்து ஆண் தோழர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. 'இதெல்லாம் மேட்டுக்குடிப் பெண்கள் விவகாரம், நமக்கென்ன' என்று சொல்லிக்கொண்டே ஜெனீவா பயணப் பட்டியலில் தங்கள் பெயரை முதலில் எழுதுகிறவர்கள் உண்டு. தலித் பெண்ணையும் அழைத்துப் போவார்கள். அவளுக்கு ஒதுக்கப்படும் நேரம் தன் மீது நடந்த வன்கொடுமையைச் சொல்ல. சட்டம், கொள்கை, கோரிக்கை எல்லாம் பேச ஆண் நிபுணர் இருப்பார், அல்லது டெல்லியிலிருந்து வேறொரு சாதி நிபுணி இருப்பார். அவள் அழுதால் அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். அறிக்கையின் வரைவு அவள் கைக்கு வராது, வந்தாலும் அவளுக்குப் புரியும் மொழியில் இருக்காது.

அடுத்த பட்டியல் தயாராகும்போது, நீங்கள் இருக்கும் அமைப்பில், மாணவர் மன்றத்தில், வாசகர் வட்டத்தில் இருந்தாலும் சரி, மூன்று பெயர்களைக் கேட்டு வாங்குங்கள்: வரைவை எழுதுகிறவர் யார், கேள்விக்குப் பதில் சொல்ல மேடையில் உட்காருகிறவர் யார், தன் காயத்தைக் காட்ட மட்டும் அழைக்கப்படுகிறவர் யார். கூடவே, மொழிபெயர்ப்பாளருக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் நம் பெண் பேச அழைக்கப்படவில்லை என்று அந்தக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.